கதவோரத்து எட்டுச் செடிகள்

"ஒரு இலை செடிக்கு என்னதான் செய்யுது, டான்சி?"

பத்தாம் வகுப்பில் ஹேவர்ட்டி சார் என்னிடம் கேட்ட கேள்வி இது. எனக்குப் பதில் தெரியும். கஞ்சா வளர்க்கிற வீட்டுப் பெண்ணுக்கு இது தெரியாமல் இருக்குமா? பதில் தொண்டை வரை வந்துவிட்டது. அதற்குள் முப்பது தலைகள் என் பக்கம் திரும்பின. நான் என் ஷூவின் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். "சரி, உட்காரும்மா" என்றார் சார், கோபமே இல்லாமல். அந்தக் கோபமின்மையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த வாரத்தோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே கேள்விதான். எங்கள் அம்மா லோர்னாவும் அவள் தம்பி ராய்ஸ் மாமாவும் இலையைப் பற்றிச் சண்டை போடாத நாள் கிடையாது.

"பூவுக்கு வெளிச்சம் படணும்னா மேல குடை பிடிச்சு நிக்கிற இலையெல்லாம் போகணும்க்கா. உரிச்சுத் தள்ளணும்" என்பார் மாமா. அவர் நான்கு வருடம் ஓக்லண்ட் நகரத்தில் ஒரு கிடங்குக்குள் விளக்கு வெளிச்சத்தில் செடி வளர்த்துவிட்டு எங்கள் மலை ஊருக்குத் திரும்பியவர்.

"டேய், அது குடை இல்லடா, சமையக்கட்டு. சமையக்கட்டை இடிச்சுட்டு வீட்ல விருந்து வெப்பியா நீ?" என்பாள் அம்மா. அம்மா தன் ஆயுளில் ஒரு பச்சை இலையைக் கிள்ளியதில்லை. பழுத்து விழுந்தால் பொறுக்கி எரு மேட்டில் போடுவாள், அவ்வளவுதான்.

நான் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து பான்கேக் தின்றுகொண்டிருப்பேன். என் கருத்தை யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

இந்த மார்ச்சில் எனக்கு இருபத்தொரு வயது முடிந்தது. எங்கள் மாநிலத்தில் உரிமம் எடுத்துக் கஞ்சா வளர்க்கலாம், ஆனால் இருபத்தொன்று ஆகாதவர்கள் செடி நிற்கும் வேலிக்குள் கால் வைக்கக் கூடாது. வைத்தால் உரிமம் போய்விடும். ஐந்து வருடம் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவள் நான். எந்தச் செடி எந்த வாரம் வாடியது, மாமா எந்த வரிசையை மொட்டையடித்தார், அம்மாவின் செடி எப்போது மஞ்சளடித்தது, எல்லாம் என் நோட்டில் இருந்தது. பிறந்த நாளன்று காலையில் அம்மா கழுத்துக் கயிற்றில் எப்போதும் தொங்கும் சாவியை எடுத்து வேலிக் கதவைத் திறந்தாள். உள்ளே நடந்தபோது எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அந்த வாசனை! வேலிக்கு வெளியே வருவது அதன் நிழல்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் அம்மாவின் கணக்கு வேறாக இருந்தது. "இந்த ஒரு கோடை மட்டும் தார்ப்பாய் இழு. ஆகஸ்ட் கடைசில ரெடிங் டவுன்ல சித்திகிட்ட போற. பல் டாக்டர் ஆபீஸ்ல முன்னாடி உக்காரணும். போன் எடுக்கணும், வர்றவங்ககிட்ட பேசணும். பேசிட்டேன்."

போன் எடுக்க வேண்டும்! நாள் முழுக்க, முன்பின் தெரியாதவர்களின் போன்!

"நான் இங்கேயே..." என்று ஆரம்பித்தேன்.

"இங்கேயே இருந்தா நீ செடிகூட மட்டும்தான் பேசுவ. நானும் பாத்துட்டுத்தானே இருக்கேன்."

அப்போது ராய்ஸ் மாமாதான் வாயைக் கொடுத்தார். அன்று காலையில்தான் அக்காவும் தம்பியும் சண்டையை ஒரு முடிவுக்குக் கொண்டுவர பசுமைக்குடிலைக் கோடு போட்டுப் பிரித்திருந்தார்கள். இந்தப் பக்கம் ஆறு வரிசை அம்மாவுக்கு, அந்தப் பக்கம் ஆறு வரிசை மாமாவுக்கு. எல்லாம் ஒரே தாய்ச் செடியிலிருந்து வெட்டி வேர்விட வைத்த கன்றுகள். ஆகவே வித்தியாசம் தெரிந்தால் அது இலையால்தான். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு எங்கள் ஊர் மன்றத்தில் ஜாடி வைப்பு நடக்கும். அக்கம்பக்கத்தில் வளர்க்கிறவர்கள் பெயர் போடாத ஜாடிகளில் பூவைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஊர் முகர்ந்து பார்த்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, பிடித்த ஜாடிக்கு முன்னால் இருக்கும் தகர டப்பாவில் ஒரு அவரைக்கொட்டையைப் போடும். அங்கே தீரட்டும் என்று இருவரும் கைகுலுக்கியிருந்தார்கள்.

"கதவோரத்துல எட்டு நோஞ்சான் கன்னு மிச்சம் கிடக்கே" என்றார் மாமா. "அதை இவ வளக்கட்டும்க்கா. நம்ம ரெண்டு பேரையும் விட இவளுக்குக் கொட்டை அதிகமா விழுந்தா, இவ இங்கேயே இருக்கட்டும். விழலைன்னா ரெடிங். என்ன சொல்ற?"

அம்மா சிரித்தே விட்டாள். "கதவு நிழல்ல, காத்தடிக்கிற மூலைல, அதுங்களா? சரிடா. சரி."

மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அது உதவியா கேலியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எனக்கு அதைப் பற்றி என்ன? எட்டுச் செடி! என்னுடையது!

மே கடைசியில் தார்ப்பாய் வேலை ஆரம்பமானது. கோடையில் சூரியன் லேசில் போகாது. நீண்ட இரவு கிடைக்காமல் செடி பூக்காது. அதனால் சாயங்காலம் ஏழு மணிக்குக் கறுப்புத் தார்ப்பாயைக் குடில் மேல் இழுத்து மூடி, நாங்களே இரவாக்கிவிடுவோம். காலை ஏழுக்குத் திறப்போம். ஒரு பக்கம் கயிற்றை மாமா பிடிப்பார், மறுபக்கம் நான். இழுத்துக்கொண்டே ஓட வேண்டும். வெயில் மேலே காய்ந்துகொண்டிருக்கும்போதே உள்ளே இருட்டு விழும். அந்த நிமிஷம் எனக்கு ஒவ்வொரு நாளும் உடம்பு சிலிர்க்கும்.

பூ வரப்போவதைக் காட்டும் வெள்ளை முடி கணுவில் முதன்முதலாகத் தெரிந்த அன்றைக்கே மாமா கத்தரிக்கோலோடு இறங்கினார். மத்தியானத்துக்குள் ஆறு வரிசையும் ஒட்ட முடி வெட்டிய பையன்கள் மாதிரி நின்றன. இரண்டு கூடை இலை.

"கொலைகாரா" என்றாள் அம்மா, தன் வரிசையிலிருந்து.

"காட்டுக்குள்ள நிக்கிற நீ பேசாத. உன் செடி எங்க இருக்குன்னு தேடறதுக்கே ஆள் வெக்கணும்."

நான் அன்று காலையிலேயே என் எட்டுச் செடிக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். வெட்டுவதா, விடுவதா? வெட்டினால் இந்த நோஞ்சான்கள் தாங்காது. விட்டால் கதவு நிழலில் உள்பூவுக்கு வெளிச்சமே கிடையாது. ஒரு பெரிய இலையைப் பிடித்தேன். விரித்த கை அளவு, ஏழு விரல். அதை வெட்டவில்லை. காம்போடு வளைத்துக் கீழே இருந்த கிளைக்குப் பின்னால் சொருகினேன். மறைந்திருந்த பூ மேல் பட்டென்று வெயில் விழுந்தது! இலையும் செடியிலேயே இருந்தது. விளக்கை அணைக்காமல் ஓரமாக நகர்த்தி வைத்த மாதிரி. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. அடுத்த இலையைப் பிடித்தேன்.

ஆனால் நான் இதைச் செய்தது காலை வேளையில். செடி தண்ணீர் குடித்து விறைப்பாக நிற்கிற நேரம். நான்காவது இலை சொருகும்போது 'டக்' என்று காம்பு ஒடிந்தது. ஐந்தாவதும். ஆறாவதில் கிளையே விரிசல் விட்டது. அன்று முழுக்க என் வரிசைப் பக்கமே போகவில்லை. சாயங்காலம் தார்ப்பாய் இழுக்கும் முன் பயந்து பயந்து ஒன்றைத் தொட்டேன். வெயிலில் களைத்த இலை துணி மாதிரி வளைந்தது. ஓ! இதற்கு நேரம் இருக்கிறது! அதிலிருந்து தினமும் ஆறரை மணிக்கு என் வேலை அதுதான். எட்டுச் செடியின் ஒவ்வொரு இலையையும் மடக்கி வைப்பேன். மறுநாள் சாயங்காலம் போய்ப் பார்ப்பேன். வைத்த இடத்தில் இருக்கிற இலை இருக்கட்டும். இரண்டு முறை வைத்தும் பிடிவாதமாக எழுந்து மறுபடி பூவை மறைத்தால் அதை மட்டும் கிள்ளுவேன். ஒரு செடிக்கு வாரத்துக்கு நாலோ ஐந்தோ.

"செடிக்குத் தலை வாரி விடறியா?" என்பார் மாமா, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு. "ரிப்பன் வேணுமா?"

ஜூலை நடுவில் வெயில் வந்தது. மூன்று நாள் தொடர்ந்து நூற்றாறு டிகிரி. நாய்கூட வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. மாமா அதற்கு ஒரு வாரம் முன்புதான் இரண்டாம் தடவையாக உரித்திருந்தார். இரண்டாம் நாள் மத்தியானம் நான் தண்ணீர்க் குழாயைப் பார்க்கப் போனபோது அவர் தன் வரிசையில் தனியாக நின்றுகொண்டிருந்தார். கையில் அம்மாவின் பழைய படுக்கை விரிப்பு. உச்சிப் பூக்களெல்லாம் ஓரம் வெளுத்துக் கருகத் தொடங்கியிருந்தன. நிழல் கொடுக்க ஒரு இலை இல்லை. மாமா விரிப்பைக் கம்பியில் கட்டி நிழல் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு செடிக்குத் தன் தொப்பியையே வைத்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் விறைத்தார்.

"நீ எதையும் பாக்கலை."

நான் தலையாட்டினேன்.

"உங்கம்மாகிட்ட சொல்லிறாத. உயிரோட தின்னுருவா."

மறுபடி தலையாட்டினேன். தொப்பி போட்ட செடியைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தேன்.

வெயில் போய், ஈல் ஆற்றுப் பக்கமிருந்து மூடுபனி ஏற ஆரம்பித்தது. ஒரு நாள் காலை தார்ப்பாயைத் திறந்ததும் அம்மாவின் நான்காவது வரிசையில் ஏதோ கண்ணை உறுத்தியது. இலைகளை விலக்கிக் கையை உள்ளே விட்டேன். உள்ளே ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது, குளித்த அறை மாதிரி. அத்தனை இலையும் தார்ப்பாய்க்குள் இரவு முழுக்க வியர்த்திருக்கிறது. காற்று போக வழி இல்லை. கடைசி அடுக்கில் ஒரு இலையைத் திருப்பினேன். மாவு தூவிய மாதிரி வெள்ளை.

சாம்பல் நோய்.

இது ஒரு செடியோடு நிற்காது. ஒரு வாரத்தில் அம்மாவின் ஆறு வரிசை, பிறகு மாமாவுடையது, பிறகு என் எட்டு. நான் சும்மா இருந்தால் அம்மா தோற்பாள். அந்த நினைப்பு வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வந்தது. அரை நிமிஷம் அங்கேயே நின்றது.

பிறகு அந்த இலையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மா அடுப்படியில் இருந்தாள்.

"அம்மா, நாலாவது வரிசைல..."

"உன் வரிசைய நீ பாரு கண்ணு. என் வரிசைய நான் பாத்துக்கறேன்."

அடுத்த வார்த்தை எனக்கு வரவில்லை. ஷூக் கயிறு. பள்ளிக்கூடம். எல்லாம் மறுபடி. அம்மா பால் எடுக்கத் திரும்பினாள். நான் அந்த இலையை, வெள்ளைப் பக்கம் மேலாக, அவள் காப்பிக் கோப்பைக்கு முன்னால் வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். கை பாதியில் நின்றது. அந்தக் காப்பியை அவள் குடிக்கவே இல்லை.

மறுநாள் காலை ஆறரைக்கே வேலிக் கதவு திறந்திருந்தது. பக்கத்தில் ஒரு ஓரத்தை மட்டும் தூக்கிவிட்ட தார்ப்பாய். நான் குனிந்து பார்த்தேன். என் அம்மா, ஒரு பச்சை இலையைக்கூடக் கிள்ளாத லோர்னா, மேல்சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்த சமையலறைக் கத்தரிக்கோலால் அடி இலைகளையெல்லாம் வெட்டி வெட்டிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வெட்டுக்கும் "மன்னிச்சுக்கோடி, மன்னிச்சுக்கோடி" என்று முனகல் வேறு.

சரளையில் என் கால் சத்தம் போட்டது. திரும்பினாள். முகம் முழுக்கச் சிவந்திருந்தது.

"நீ எதையும் பாக்கலை" என்றாள்.

இதையே ஏற்கெனவே ஒருவர் சொல்லியிருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. சாக்கின் வாயை விரித்துப் பிடித்தேன். அம்மா வெட்டிப் போட்டாள். ஏழு மணிக்கு மாமா கொட்டாவி விட்டுக்கொண்டு வரும்போது சாக்கு எரு மேட்டுக்கு அடியில் இருந்தது.

"என்னக்கா, உன் காடு கொஞ்சம் மெலிஞ்ச மாதிரி இருக்கு?"

"உன் கண்ணு மெலிஞ்சிருக்கு. போய்க் காப்பி குடி."

ஆகஸ்ட் முதல் வாரம் அறுவடை. காய வைத்து, ஜாடியில் போட்டு, தினம் மூடி திறந்து மூடி, மூன்று வாரம். என் எட்டுச் செடியிலிருந்து வந்தது அவர்களுடையதில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. ஆனால் அந்தப் பூ! உச்சியிலிருந்து அடி வரை ஒரே அழுத்தம், ஒரே பிசின். மூடியைத் திறந்தால் நாரத்தைத் தோலை நசுக்கிய மாதிரி மூக்கில் ஏறும். நான் ராத்திரி படுக்கும் முன் ஒரு முறை, காலையில் எழுந்ததும் ஒரு முறை முகர்ந்தேன். ரெடிங்குக்கு என் பையை அம்மா முந்தின நாளே கட்டிவிட்டாள். மன்றத்திலிருந்து அப்படியே கிளம்புவதாகத் திட்டம். பை எங்கள் வண்டியின் பின்னால் இருந்தது.

மன்றத்தில் அன்றைக்கு இருபத்திரண்டு பேர். மேஜையில் சோள ரொட்டி, பீன்ஸ், கறுப்பு பெர்ரி வைத்துச் சுட்ட பலகாரம். இன்னொரு நீள மேஜையில் ஜாடிகள். இந்த வருடம் எங்கள் வீட்டுச் சண்டை ஊருக்கே தெரிந்திருந்ததால் மற்றவர்கள் தங்கள் ஜாடியை வைக்காமல் மூன்றுக்கு மட்டும் இடம் விட்டார்கள். மன்றத்தைப் பார்த்துக்கொள்ளும் டாட்டி அம்மாள்தான் எங்கள் ஜாடிகளை உள்ளறைக்கு எடுத்துப் போய் எண் ஒட்டிக் கொண்டுவந்து வைத்தாள். எது யாருடையது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கும் தெரிந்தது. ஒரு பார்வையில். மூன்றாம் ஜாடி.

ஊர் வரிசையில் நின்றது. முகர்ந்தது. முணுமுணுத்தது. "ஒண்ணு கொஞ்சம் லேசா இருக்குப்பா, பஞ்சு மாதிரி." "ரெண்டு நல்லாருக்கு. அடில மட்டும் லேசா வைக்கோல் வாடை." "மூணு யாருது?" டக், டக் என்று கொட்டைகள் தகரத்தில் விழுந்தன. எது எதில் விழுகிறது என்று ஆட்கள் மறைத்துக்கொண்டு நின்றதால் தெரியவில்லை. என் உள்ளங்கையில் என் கொட்டை வியர்வையில் நனைந்துவிட்டது.

வளர்த்தவர்கள் கடைசியில் போட வேண்டும் என்பது முறை. முதலில் நான். எனக்கே நான் போட்டுக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. இரண்டில் போட்டேன். அது அம்மாவுடையது என்று தெரிந்துதான் போட்டேன்.

அடுத்து மாமா. மூன்றையும் முகர்ந்தார். நெஞ்சை நிமிர்த்தினார். "சொந்தச் சரக்கை எனக்குத் தெரியாதா?" என்று ஊருக்கே கேட்கச் சொல்லிவிட்டு மூன்றாம் டப்பாவில் சத்தமாகப் போட்டார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

கடைசியாக அம்மா. முதல் ஜாடியைத் திறந்து மூடினாள். இரண்டாவதைத் திறந்தாள். முகர்ந்ததும் அவள் முகம் இளகியது, தெருவில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி. தன்னுடையது என்று கண்டுகொண்டாள். எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்றாவதைத் திறந்தாள். ஒரு பூவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். அடிப்பக்கத்தை நகத்தால் அழுத்தினாள். இன்னொரு முறை முகர்ந்தாள். நெடுநேரம். பிறகு மூன்றில் போட்டாள்.

டாட்டி அம்மாள் டப்பாக்களை ஒவ்வொன்றாக மேஜையில் கவிழ்த்து எண்ணினாள். "ஒண்ணாவது, ராய்ஸ். அஞ்சு."

"என்னது, ஒண்ணாவது நானா?" மாமாவின் வாய் திறந்தபடி நின்றது. மன்றம் குலுங்கியது.

"ரெண்டாவது, லோர்னா. எட்டு." எண்ணிய கொட்டைகளை ஓரமாகத் தள்ளினாள். "மூணாவது, நம்ம டான்சி." ஒன்று, இரண்டு, மூன்று. நான் மூச்சை நிறுத்தினேன். ஏழு. எட்டு. அவள் விரல் மேஜையில் தேடியது. ஒரு கொட்டை உருண்டு ரொட்டித் தட்டுக்கு அடியில் போயிருந்தது. எடுத்து வைத்தாள். "ஒம்போது!"

கைதட்டல், விசில், யாரோ என் முதுகில் அறைந்தார்கள். டாட்டி அம்மாள் கையைத் தூக்கி எல்லோரையும் அடக்கினாள். "இரு, இரு. பொண்ணு சொல்லட்டும். இலையை வெட்டினியா, விட்டியா?"

இருபத்தொரு தலைகள் திரும்பின. நான் குனிந்து ஷூக் கயிற்றைப் பார்த்தேன். அது ஒழுங்காகத்தான் கட்டியிருந்தது. நிமிர்ந்தேன்.

"ரெண்டும் இல்ல. மடக்கி வெச்சேன்."

"சத்தமா சொல்லும்மா!"

"மடக்கி வெச்சேன்! சாயங்காலம் மட்டும்தான். காலைல தொட்டா ஒடிஞ்சுரும்." அதற்குப் பிறகு எனக்கே தெரியவில்லை எங்கிருந்து வந்தது என்று. இலை எப்போது துணி மாதிரி வளையும், எந்த இலை அடங்கும், எந்த இலை அடங்காது, எத்தனை முறை பொறுத்துப் பார்க்கலாம், எல்லாம் சொன்னேன். ஒருவர் கேள்வி கேட்டார், பதில் சொன்னேன். "அப்ப நூறு செடிக்கு என்ன பண்ணுவ, நாள் பூரா தலை வாரிட்டே இருப்பியா?" என்று இன்னொருவர் மடக்கினார்.

"மாமாவைக் கூட்டிக்குவேன். அவருக்குத் தொப்பி வெச்சுப் பழக்கம்" என்றேன்.

"அடிப்பாவி!" என்று மாமா அலறினார். யாருக்கும் அர்த்தம் புரியவில்லை, ஆனாலும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மாவும் சிரிப்பாள் என்று அவள் பக்கம் திரும்பினேன்.

அம்மா மன்றத்தின் வாசல் நிலையில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. நான் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நான் வாசலுக்கு வருவதற்குள் எங்கள் வண்டி கிளம்பியிருந்தது. புழுதிக்குள் அதன் பின்விளக்கு வளைவில் திரும்பியது.

மன்றத்துப் படியில், மாமாவின் வண்டிக்குப் பக்கத்தில், என் பை இருந்தது. அதன் மேல், அம்மா தன் கழுத்திலிருந்து கழற்றிச் சுருட்டி வைத்த கயிற்றோடு, வேலிக் கதவின் சாவி.